பெஜோ பிஎக்ஸ்-10: எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது

இந்த ஆய்வில் வரும் சைக்கிள் 1970களின் தொடக்கத்தில் வந்த ஒரு பெஜோ பிஎக்ஸ்-10. வெள்ளை பிரேம், ரெய்னால்ட்ஸ் 531 குழாய்கள், குழாய்கள் சேரும் இடங்களில் வளைவு வளைவாக வெட்டிய நெர்வெக்ஸ் பூட்டுகள். முதலில் வாங்கியவர் பிரான்சில் ஓர் உள்ளூர் கிளப்பில் ஓட்டியவர். அவர் இறந்த பிறகு சைக்கிள் மகளுக்கு வந்தது. நான் உதவிக்குப் போகும் பழுதுபார்ப்புக் கூடத்துக்கு அவர் அதை உருட்டிக்கொண்டு வந்தபோது இரண்டு வேண்டுகோள்கள் வைத்தார். வாரநாட்களில் இதில் வேலைக்குப் போக வேண்டும், வழியில் ஒரு நல்ல மேடு உண்டு. கோடையில் சோமூர் ஊரில் நடக்கும் ஆன்ஜூ வேலோ வின்டேஜ் சவாரியிலும் இதையே ஓட்ட வேண்டும். அது 2011 முதல் நடக்கும் விழா. பழைய சைக்கிளும் பழைய கால உடையுமாக லுவார் நதிக் கரையோரம் ஆயிரக்கணக்கானோர் ஓட்டுவார்கள்.

ஒரே சைக்கிள் இரண்டுக்கும் வேண்டுமென்றால் மோதல் வரத்தான் செய்யும். தினமும் ஓட்ட நம்பிக்கையான பிரேக்கும் லேசான கியரும் எளிதில் கிடைக்கும் டயரும் வேண்டும். விழாவுக்குப் போனால் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது "எல்லாம் அசலா?" என்றுதான்.

பிஎக்ஸ்-10 என்றால் அந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தோடு வரும். பெஜோ 1882 முதல் சைக்கிள் செய்த நிறுவனம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அவர்களுடைய அணிச் சட்டையில்தான் எடி மெர்க்ஸ் 1966, 1967 ஆண்டுகளில் மிலான்–சான்ரேமோ பந்தயத்தை வென்றார். பெர்னார் தெவனே 1975இலும் 1977இலும் டூர் டி பிரான்ஸ் வென்றதும் பெஜோ அணியில் இருந்துதான். பிஎக்ஸ்-10 அந்த அணியின் சைக்கிளுக்கு மிக நெருக்கமாகக் கடையில் வாங்க முடிந்த மாடல். அதனால் சேகரிப்பாளர்கள் கேட்டலாக்கைக் கையில் வைத்துக்கொண்டு பாகம் பாகமாக ஒப்பிடுவார்கள்: ஸ்ட்ராங்லைட் 93 கிராங்க், அதில் 52, 45 பற்கள், சிம்ப்ளெக்ஸ் பிரெஸ்டீஜ் கியர் மாற்றிகள், மஃபாக் பிரேக், நோர்மாண்டி ஹப், மாவிக் ட்யூபுலர் ரிம், லியோதார் பெடல், ப்ரூக்ஸ் தோல் சீட்.

வந்த நிலையில்

பிரேம் நேராக இருந்தது. பெயின்ட் அங்கங்கே உதிர்ந்திருந்தாலும் துரு உள்ளே போகவில்லை. ரிம்மில் ஒட்டும் ட்யூபுலர் டயர்கள் காய்ந்து வெடித்திருந்தன. ஹேண்டில் நேர்க்கோட்டுக்கு வரும்போது ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்று நின்று திரும்பியது. கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டில் ஆட்டம். பிரேக் கட்டைகள் கல்லாகியிருந்தன.

ஆனால் முக்கியமான செய்தி பின்பக்கம் இருந்தது. கேட்டலாக்கில் உள்ள சிம்ப்ளெக்ஸ் பின் கியர் மாற்றி அங்கே இல்லை. அந்த இடத்தில் ஜப்பானின் சன்டூர் சைக்ளோன் ஜிடி இருந்தது. அதை மாட்டுவதற்காக அப்பா, 80களின் தொடக்கத்தில், பிரேமின் பின் காதில் (பின் கியர் மாற்றி மாட்டும் இடம்) இருந்த மரையில்லாத துளையில் 10 மி.மீ. மரை வெட்டியிருக்கிறார். உள் பல்சக்கரமும் 45க்குப் பதில் 42. கழற்றியதெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில், காகிதத்தில் சுற்றிப் பத்திரமாக இருந்தது.

ஆக, இந்த சைக்கிளைத் திருப்பிக் கொண்டுபோக இரண்டு வெவ்வேறு நிலைகள் இருந்தன. ஒன்று, 1970களில் கடையில் இருந்து வந்த நிலை. இன்னொன்று, அப்பா பல ஆண்டுகள் ஓட்டிய நிலை. அவருடைய பழைய கிளப் நண்பர், தீவிர சேகரிப்பாளர், முதலாவதுதான் சரி என்றார்: காதில் உள்ள மரையை அடைத்து, மறுபடி 9 மி.மீ. துளை போட்டு, சிம்ப்ளெக்ஸை மாட்ட வேண்டும். கூடத்தில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் நேர் எதிர்ப் பக்கம்: பின் முக்கோணத்தை 130 மி.மீ.க்கு விரித்து, எட்டு கியர் ஷிமானோ போட்டால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை என்றார். மகள் இருவர் சொன்னதையும் கேட்டுவிட்டு, "அப்பா எப்படி வைத்திருந்தாரோ, அதற்குக் கிட்டத்தில் இருந்தால் போதும். ஆனால் எனக்குப் பயமில்லாமல் ஓட்ட வேண்டும்" என்றார்.

அவர் சொன்னதையே வேலையின் அடிப்படையாக எடுத்துக்கொண்டேன்.

பிரெஞ்சு அளவுகள் என்ற தனி உலகம்

நம்மூரில் சைக்கிள் பிரித்துப் பழகியவர்களுக்குப் பிரெஞ்சு சைக்கிள் முதலில் குழப்பும். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் உட்பட நம் சைக்கிள்கள் எல்லாம் இங்கிலாந்து வழி வந்தவை, மரைகள் அங்குலக் கணக்கு. பிரான்ஸ் தன் மெட்ரிக் முறையிலேயே நின்றது. (ஒரு சின்னத் தொடர்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பர்மிங்காமில் 531 குழாயைச் செய்த ரெய்னால்ட்ஸ், நம் டிஐயின் பெயருக்கு மூலமான அதே ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம். பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் அது மெட்ரிக் விட்டத்தில் குழாய் இழுத்துக் கொடுத்தது.)

வித்தியாசங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை, ஆபத்தே அதில்தான். பாட்டம் பிராக்கெட் கப் பிரெஞ்சில் 35 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ.; இங்கிலாந்து முறையில் சுமார் 34.8 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம் 22.0 மி.மீ., மற்ற இடங்களில் 22.2. ஃபோர்க் தண்டின் வெளிவிட்டம் 25.0, மற்றதில் 25.4. சீட் குழாயின் வெளிவிட்டம் 28.0, மற்றதில் 28.6. பெடல் மரை 14 மி.மீ., மற்றதில் ஒன்பதில் பதினாறு அங்குலம், அதாவது சுமார் 14.3. ஃபிரீவீல் மரை 34.7 மி.மீ., இங்கிலாந்து முறையில் 34.9 அளவில். இங்கிலாந்து ஃபிரீவீலைப் பிரெஞ்சு ஹப்பில் மாட்டினால் லேசாக ஏறிவிடும், "சரி, பொருந்திவிட்டது" என்று தோன்றும். மேட்டில் எழுந்து மிதிக்கும் முதல் நாளே மரை வழித்துக்கொண்டு போகும். நல்ல ஹப் ஒன்று அதோடு குப்பை.

இந்த அளவுகளில் பாகம் செய்தவர்களும் போய்விட்டார்கள். திஜோனில் சிம்ப்ளெக்ஸ், கிளெர்மோன்-ஃபெரானில் மஃபாக், சாந்தெத்தியனில் லியோதார்: ஒரு காலத்தில் பிரான்சின் சைக்கிள் தொழிலைத் தாங்கியவை. 1980களில் ஜப்பானியப் பாகங்களின் விலைக்கும் தரத்துக்கும் முன் நிற்க முடியாமல் ஒவ்வொன்றாக மறைந்தன. பெஜோவே அந்தப் பத்தாண்டில் இங்கிலாந்து மரைக்கு மாறியது. இன்று பிரெஞ்சு மரைப் பாகம் வேண்டுமென்றால் பழைய சரக்கைத் தேட வேண்டும், அல்லது இந்த அளவுக்கென்றே புதிதாகச் செய்யும் சில சிறு நிறுவனங்களிடம் போக வேண்டும். அமெரிக்காவின் ஃபில் வுட் பாட்டம் பிராக்கெட்டில் மரை வளையம் தனியாக வரும். பிரெஞ்சு வளையம் போட்டால் பிரெஞ்சு பிரேமில் ஏறிவிடும். இப்படிப்பட்ட வழிகள் உண்டு. ஆனால் "பக்கத்துக் கடையில் வாங்கி மாட்டிவிடலாம்" என்பது இல்லை.

எதை வைத்து முடிவெடுத்தேன்

பாகத்தின் வயதையும் பெயரையும் விட, மாற்றிய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பதைத்தான் ஒவ்வொரு இடத்திலும் பார்த்தேன். ஸ்பேனரோடு மாட்டிக் கழற்றும் எதையும் தேவைக்கேற்ப மாற்றலாம், கழற்றியதைத் தொலைக்காமல் இருந்தால் போதும். அரத்தால் ராவுவது, மரை வெட்டுவது, துளை பெரிதாக்குவது, சூடுபடுத்துவது, வளைப்பது, இவை பிரேமிலும் ஃபோர்க்கிலும் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு: ஒரு பாகம் உடைந்தால் முகம் தரையில் மோதும் என்றால், அது எவ்வளவு அசலாக இருந்தாலும் ஓட்டும் சைக்கிளில் இருக்கக் கூடாது.

இப்படிச் சொல்லும்போது எளிதாக இருக்கிறது. பின் காது விஷயத்தில் எளிதாக இல்லை.

அப்பா வெட்டிய மரை

நானாக இருந்தால் அந்த மரையை வெட்டியிருக்க மாட்டேன். சிம்ப்ளெக்ஸ் மாட்டுவதற்கான காது தனி வடிவம் கொண்டது: மரையில்லாத 9 மி.மீ. துளை, பின்னால் நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். அதை 10 மி.மீ. மரையாக்கினால் இத்தாலியின் கம்பன்யோலோ முறையில் வந்த எந்தக் கியர் மாற்றியும் ஏறும், ஆனால் பழைய துளை போனது போனதுதான். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க சைக்கிள் கடைகள் இந்த வேலையைச் செய்தன. காரணமும் நியாயமானது.

சிம்ப்ளெக்ஸ் 1960களின் தொடக்கத்தில் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறியது. அன்று அது புதுமை: இலகு, துருப்பிடிக்காது, எண்ணெய் இல்லாமலே வழுக்கும். டூரில் ஓடிய சைக்கிள்களிலும் அது இருந்தது. ஆனால் வெயிலும் வயதும் சேரும்போது அது தளர்ந்து விரியும், முன் கியர் மாற்றியில் குழாயைப் பிடிக்கும் பட்டை திடீரென்று உடையும். இது பழைய பிரெஞ்சு சைக்கிள் பிரிப்பவர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி. இன்னொரு பக்கம், ஜப்பானின் மாயேதா நிறுவனம் 1964இல் சாய்ந்த இணைகர அமைப்பைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றது. சன்டூர் என்பது அவர்களுடைய பெயர். செயினை வழிநடத்தும் சின்னச் சக்கரம் பற்களின் சரிவைத் தொடர்ந்து சாய்வாக நகரும், அதனால் ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் அருகிலேயே இருக்கும். மாற்றுவது அவ்வளவு துல்லியமாக இருக்கும். காப்புரிமை 1984இல் முடிந்ததும் மற்றவர்கள் எல்லோரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். இன்று ஓடும் கியர் சைக்கிள்களில் இருப்பதும் அடிப்படையில் அதுதான். 80களின் தொடக்கத்தில் ஒரு கிளப் வீரர் சன்டூரைத் தேர்ந்தெடுத்தார் என்றால், கையில் கிடைத்ததிலேயே சிறந்ததை எடுத்திருக்கிறார்.

சேகரிப்பாளர் நண்பரின் யோசனைப்படி மரையை அடைப்பதென்றால் வெல்டிங்கோ பித்தளைப் பற்றோ வைக்க வேண்டும். பின் காதைச் சுற்றி இருக்கும் குரோம் கருகும், பெயின்ட் போகும், பிறகு அதையும் திரும்பப் பூச வேண்டும். அசலுக்குத் திரும்புவதற்காக அசலான குரோமையும் பெயின்ட்டையும் அழிப்பது எனக்கு ஏற்கவில்லை. முன்னால் நடந்த திரும்ப முடியாத மாற்றத்துக்கு மேல் இன்னொன்றைப் போடுவதாகத்தான் அது முடியும். இன்னொரு விஷயமும் எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்த மரை அப்பாவின் கை வேலை. அவர் இந்த சைக்கிளில் போன பெரும்பாலான தூரம் சன்டூரோடு போனது. 1970களின் கடை நிலையில் இது இருந்தது கொஞ்ச காலம்தான்.

சன்டூர் அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. கழற்றி, கழுவி, சின்னச் சக்கரங்களின் புஷ்ஷுக்கு எண்ணெய் வைத்து மாட்டினேன். ஹேண்டில் பக்கத்திலிருந்து பாட்டம் பிராக்கெட்டுக்குச் சாய்வாக இறங்கும் குழாயில் இருந்த சிம்ப்ளெக்ஸ் லீவர்கள் அசல், அவற்றிலேயே சன்டூரும் இயங்கும். ஷிமானோ 80களின் நடுவில் கொண்டுவந்த 'கிளிக்' முறைக்கு முந்திய லீவர்களுக்கு எந்தக் கம்பெனி என்ற பேதம் இல்லை.

முன் கியர் மாற்றி மட்டும் டெல்ரினாகவே இருந்தது. விரிசல் எதுவும் இல்லை, வேலையும் செய்தது. இருந்தாலும் கழற்றி டப்பாவில் போட்டேன். தினமும் நெரிசலில் போகிறவருக்கு அது நடுவழியில் உடைவதும், உடைந்த பிறகு அதற்கு ஈடு தேடுவதும் தேவையில்லாத தலைவலி. இப்போது உடையாமல் இருப்பதே அதைப் பாதுகாக்க நல்ல காரணம். அதற்குப் பதில் வைத்த உலோக மாற்றியின் பட்டை 28.6 அளவு. சீட் குழாய் 28.0. நடுவில் மெல்லிய அலுமினியத் தகட்டைச் சுற்றி இறுக்கினால் போதும். கழற்றினால் குழாயில் ஒரு கீறல்கூட இருக்காது.

ஸ்டெம்: விட்டுக்கொடுக்காத இடம்

அந்தக் காலத்துப் பிரெஞ்சு அலுமினிய ஸ்டெம்களில் சிலவற்றில் ஃபோர்க்குக்குள் இறங்கும் பகுதியின் கீழ்ப்பக்கம் நெடுக ஒரு வெட்டு இருக்கும். உள்ளே உள்ள கூம்பு மேலே ஏறும்போது விரிந்து பிடிப்பதற்காக. அந்த வெட்டு முடியும் இடத்தில் உருண்டையான துளை இல்லாவிட்டால் அழுத்தம் எல்லாம் அந்தக் கூர் முனையில் குவியும். அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். எஃகுக்கு ஒரு எல்லை உண்டு, அதற்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, சிறு அசைவுகளும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். 50 வயதான, எத்தனை தூரம் ஓடியது என்று யாருக்கும் தெரியாத ஸ்டெம்மை நம்பி எழுந்து மிதிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ஸ்டெம்மில் கண்ணுக்கு விரிசல் தெரியவில்லை. அதுவும் என் முடிவை மாற்றவில்லை.

பிரெஞ்சு சைக்கிளில் ஒன்றைத் தொட்டால் மூன்று அசையும் என்பது இங்கேதான் தெரிந்தது. புது ஸ்டெம் ஜப்பானின் நிட்டோ, 22.2 மி.மீ. ஃபோர்க்குக்குள் 22.0தான் இறங்கும். பழைய ஹேண்டில்பாரின் நடுப்பகுதி 25.0, புது ஸ்டெம் கேட்பது 25.4. ஆக ஹேண்டில்பாரும் மாற வேண்டும். பழைய பாரும் அதே வயது அலுமினியம் என்பதால் அதை விடுவதில் எனக்கு வருத்தமில்லை. புது பார் அந்தக் காலத்து வளைவிலேயே கிடைத்தது.

0.2 மி.மீ. வித்தியாசத்தைத் தீர்க்க இரண்டு வழிகள். ஃபோர்க் தண்டின் உட்புறத்தைக் குடைந்து பெரிதாக்கலாம், இதைச் செய்யும் கடைகள் உண்டு. நான் செய்ய மாட்டேன். அது ஃபோர்க், மெல்லியது, மாற்றில்லாதது. இன்னொரு வழி, புது ஸ்டெம்மின் கீழ்ப்பகுதியை உப்புத்தாளால் சுற்றிச் சுற்றி ஒரு பக்கத்துக்கு 0.1 மி.மீ. தேய்ப்பது. வெர்னியர் காலிப்பரால் அடிக்கடி அளந்து, கடைசியில் மிக மெல்லிய தாளால் வழவழப்பாக்கி முடிக்க வேண்டும், ஏனென்றால் ஆழக் கீறலே பின்னால் விரிசலுக்கு வாசலாகும். தேய்ந்தது கடையில் எப்போதும் வாங்கக் கூடிய ஸ்டெம். ஃபோர்க் வந்தபடியே இருக்கிறது.

சேகரிப்பாளர் நண்பர் மிகவும் வருத்தப்பட்டது இதற்குத்தான். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஸ்டெம்தான் என்றார். உண்மை. விழாவுக்கு மட்டும் பழையதை மாட்டலாமே என்றும் கேட்டார். அதற்கு நான் ஒப்பவில்லை. விழாப் பாதையிலும் கற்சாலை உண்டு, இறக்கம் உண்டு.

பால்ரஸ் மாற்றிச் சரியானவை

அசலையும் காப்பாற்றி, நடைமுறைக்கும் ஒத்துவரும் வேலைகள் சில உண்டு. எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ஹேண்டில் நின்று நின்று திரும்பியதற்குக் காரணம், பல ஆண்டுகள் நேராகவே ஓடியதில் ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்) கிண்ணத்தில் பால்ரஸ் குழி விழுந்திருந்தது. புது ஹெட்செட் 25.0 மி.மீ. பிரெஞ்சு மரையில் கிடைக்காமல் இல்லை, ஆனால் தேவையே படவில்லை. கூட்டில் அடைத்த பால்ரஸை எடுத்துவிட்டு, அதே அளவு தனி பால்ரஸை நிரப்பினேன். கூடு இல்லாததால் இன்னும் சில உருண்டைகள் கூடுதலாகப் பிடிக்கும், இடைவெளி மாறும், எல்லா உருண்டைகளும் ஒரே நேரத்தில் பழைய குழிகளில் விழாது. ஸ்ட்ராங்லைட் ஹெட்செட் அசலாகவே இருக்கிறது, ஹேண்டிலும் வழுக்கிக்கொண்டு திரும்புகிறது.

பாட்டம் பிராக்கெட்டும் அதே கதை. கப்புகளில் தேய்மானம் அதிகமில்லை. பக்கத்துக்கு 11 கால் அங்குல பால்ரஸ், புது கிரீஸ். ஆட்டத்துக்குக் காரணம் வலது கப் தளர்ந்திருந்ததுதான். மிதிக்கும்போது பால்ரஸ் உருளும் விதத்தால் வலது கப்பைக் கழற்றும் திசையில் ஒரு சிறு உந்துதல் இருந்துகொண்டே இருக்கும். இங்கிலாந்து முறையில் வலப்பக்கம் இடமரை வெட்டியது அதற்காகத்தான். பிரெஞ்சு முறையில் இரண்டு பக்கமும் வலமரை. அதனால் வலது கப்பை உயிரைக் கொடுத்து இறுக்க வேண்டும், சாதாரண ஸ்பேனர் நழுவி பெயின்ட்டைக் கிழிக்கும். 2008இல் மறைந்த அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் பரப்பிய எளிய வழி ஒன்று உண்டு: கப்பின் துளை வழியாகத் தடித்த போல்ட்டை விட்டு, இரு பக்கமும் வாஷர் வைத்து நட்டை இறுக்கி, போல்ட்டின் தலையைத் திருப்பி கப்பைத் திருப்புவது. மரையில் கழலாமல் பிடிக்கும் திரவம் கொஞ்சம் வைத்து அப்படியே இறுக்கினேன். கிராங்கைக் கழற்றவும் ஸ்ட்ராங்லைட்டுக்கு உரிய 23.35 மி.மீ. கழற்றி வேண்டும். வழக்கமான 22 மி.மீ. கருவியைத் திணித்துக் கிராங்கின் மரையை அழித்த சைக்கிள்கள் எத்தனையோ.

மஃபாக் பிரேக்கை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், கட்டையையும் கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பேன். நடுவில் இழுக்கும் அந்த அமைப்பின் பிடி வலிமையானது, கட்டையை எந்தக் கோணத்திலும் திருப்பி வைக்கலாம். கூல்-ஸ்டாப்பின் செம்மண் நிறக் கட்டை போட்டு, முன்நுனி முதலில் ரிம்மைத் தொடுமாறு சாய்த்து வைத்தேன். கிறீச்சிடுவது நின்றது.

சக்கரம், பல், பெடல்

ட்யூபுலர் டயரை ரிம்மில் ஒட்ட வேண்டும், பஞ்சரானால் தையலைப் பிரிக்க வேண்டும். தினசரி ஓட்டத்துக்கு ஒத்துவராது. மாவிக் சக்கர ஜோடியைத் துடைத்து எடுத்து வைத்துவிட்டு, பிரெஞ்சு மரை கொண்ட இன்னொரு பழைய நோர்மாண்டி ஹப் ஜோடியில் 36 துளை 700சி கிளிஞ்சர் ரிம் (டயரும் ட்யூபும் தனியாக மாட்டும் வழக்கமான வகை) கட்டினோம். ட்யூபுலருக்கும் 700சி கிளிஞ்சருக்கும் ரிம்மின் விட்டம் ஏறக்குறைய ஒன்றே, ஆகவே பிரேக் கட்டைகளை நகர்த்தத் தேவையில்லை. 28 மி.மீ. டயர் வசதியாக உட்கார்ந்தது. பின் அகலம் 120 மி.மீ. அப்படியே.

இளைஞர் சொன்ன 130 மி.மீ. விரிப்பு எஃகு பிரேமில் முடியாத காரியமில்லை, பலர் செய்கிறார்கள். ஆனால் அந்த எட்டு கியரில் இவருக்குத் தேவையானது மேட்டுக்கு ஒரு லேசான கியர் மட்டும்தான். கேட்டலாக் நிலையில் 45 பல்லும் பின்னால் 23உம் என்றால் ஒரு மிதிக்கு சைக்கிள் சுமார் 4.1 மீட்டர் போகும். 20 வயது பந்தய வீரருக்கான கணக்கு அது. ஸ்ட்ராங்லைட் 93இல் 38 பல் வரை இறங்கலாம். அந்தப் பல்சக்கரம் ஒன்றைத் தேடிப் பிடித்து, பின்னால் பிரெஞ்சு மரை கொண்ட 14–28 ஃபிரீவீல் மாட்டினோம். இப்போது ஒரு மிதிக்கு சுமார் 2.85 மீட்டர். அப்பாவின் நீளக் கூண்டு சன்டூர் இதைச் சிரமமில்லாமல் தாங்குகிறது. கேட்டலாக்கின் சிம்ப்ளெக்ஸோடு இதைச் செய்திருந்தால் திணறியிருப்போம்.

பெடலில் ஒரு சின்னக் குறிப்பு. பிரெஞ்சுப் பெடலில் வலது இடதுக்கு D, G என்று பொறித்திருப்பார்கள். அந்த எழுத்துகள் இருந்தால் 14 மி.மீ. மரையாக இருக்க வாய்ப்பு அதிகம், சாதாரணப் பெடலைத் திணிக்காதீர்கள். கிராங்கில் புது மரை வெட்டி இன்றைய பெடல் மாட்டும் வழக்கம் உண்டு. நான் வெட்டவில்லை. லியோதாரே செய்த 'பெர்தே' பெடல், பழைய ஒரு மணிநேரச் சாதனை வீரர் மார்செல் பெர்தேயின் பெயரில் வந்தது, பிரெஞ்சு மரையில் கிடைத்தது. அகலமான தட்டு, அலுவலகச் செருப்போடும் மிதிக்கலாம். கேட்டலாக்கில் இந்த மாடலுக்கு அது இல்லைதான். ஆனால் அந்தக் காலம், அந்த நாடு, அந்த மரை.

வேறு சைக்கிளாக இருந்தால்

இதே முடிவுகளை எல்லாப் பழைய பிரெஞ்சு சைக்கிளுக்கும் போட முடியாது. பெஜோவின் யுஓ-8, 70களின் சைக்கிள் மோகத்தில் அமெரிக்காவுக்கு ஏராளமாக ஏற்றுமதியானது: சாதாரண எஃகு, காட்டர் பின் கிராங்க், குரோம் பூசிய இரும்பு ரிம். மழையில் அந்த ரிம்மில் பிரேக் பிடிப்பது கிட்டத்தட்ட பிரார்த்தனைதான். அதை அலுமினிய ரிம்மாக மாற்றுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

மறுமுனையில் பாரிஸை ஒட்டிய லவலுவா-பெரேயில் ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்றோர் ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துக் கட்டிய சைக்கிள்கள். கிராங்க், ஸ்டெம், பிரேக், சாமான் தாங்கி எல்லாம் அந்த ஒரே பிரேமுக்காகச் செய்தவை. அங்கே ஒரு தாங்கியைக் கழற்றினால் மட்கார்டும் விளக்கும் இடம் பெயரும். அதில் ஒரு பாகத்தை மாற்றச் சொன்னால் நான் முதலில் வேறு சைக்கிள் ஒன்றை வாங்கச் சொல்வேன். பிஎக்ஸ்-10 இரண்டுக்கும் நடுவில். பிரேம் அருமையானது, பாகங்கள் கேட்டலாக்கில் வந்த பொதுப் பாகங்கள். ஆண்டுக்கு ஆண்டு, சில சமயம் ஒரே ஆண்டிலேயே, பெஜோ கையில் இருந்த பாகத்தை மாட்டி அனுப்பியதும் உண்டு.

பழைய சைக்கிள் சவாரிகளே இதில் இளகிய பார்வை கொண்டவை. இத்தாலியின் கையோலேயில் 1997இல் தொடங்கிய எரோய்க்கா வைத்த விதிகள் 1987க்கு முந்திய சைக்கிள், குழாயில் கியர் லீவர், வெளியே தெரியும் பிரேக் கேபிள், வார் வைத்த பெடல் என்ற அளவில்தான். கேட்டலாக்கோடு யாரும் நிற்பதில்லை.

இப்போதைய நிலை

சைக்கிள் தினமும் ஓடுகிறது. பிஸ்கட் டப்பாவில் இருந்தவையும், நாங்கள் கழற்றியவையும் இப்போது ஒரு பெட்டியில், ஒவ்வொன்றிலும் எங்கிருந்து கழற்றியது என்று சீட்டு ஒட்டி இருக்கின்றன. பழைய ஸ்டெம்மின் சீட்டில் "ஓட்டுவதற்கல்ல" என்று சிவப்பில் எழுதினேன். மாவிக் ட்யூபுலர்களுக்குப் புது டயர் ஒட்டி சோமூருக்கு எடுத்துப் போகலாமா என்று மகள் யோசிக்கிறார். ரிம் நன்றாக இருக்கிறது, நான் தடை சொல்லவில்லை.

தொடர்ந்து பார்க்க வேண்டியவை இரண்டு. வலது பாட்டம் பிராக்கெட் கப்பைக் குளிர்காலம் முடிந்ததும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். மறுபடி தளர்ந்தால், அடுத்த முயற்சி பிரெஞ்சு வளையம் போட்ட ஃபில் வுட். இன்னொன்று ஃபிரீவீல். பிரெஞ்சு மரை ஃபிரீவீல்கள் சந்தையில் குறைந்துகொண்டே வருகின்றன, ஒன்று மாற்றாக வாங்கி வைத்திருக்கிறோம். அதுவும் தீர்ந்தால் இங்கிலாந்து மரை வெட்டிய, 120 மி.மீ. அகலமுள்ள பின் ஹப் ஒன்றில் சக்கரத்தைக் கட்டிக்கொள்ளலாம், அந்த மரைக்கு ஃபிரீவீல் இன்றும் புதிதாக வருகிறது. அப்படி ஒரு ஹப் கண்ணில் பட்டால் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.